முற்பணமும் போர்ப்பிரகடனமும்: விளையாட்டிற் பொய்வாக்குப் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

கொடுத்த வாக்கு ஏன் காக்கப்படல் வேண்டும் என்னும் வினா ஒழுக்கவியலிற் பழைமையானது. அதனை ஆராய்வோர் பெரும்பாலும் கடன், திருமணம், நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை முதலியவற்றிலிருந்தே எடுத்துக்காட்டுக்களைப் பெறுவர். யான் ஈண்டு எடுத்துக்கொள்வது அத்துணைக் கௌரவமான எடுத்துக்காட்டன்று. கணினியில் ஆடப்படும் போர்த்தந்திர விளையாட்டு ஒன்றில், ஆட்டத்தின் தொடக்கக் கட்டத்திலே பொன் சேர்ப்பதற்காக ஆட்டக்காரர் கையாண்ட இராசதந்திர முறையொன்றே இக்கட்டுரையின் பொருளாகும். விளையாட்டை ஆய்வுப் பொருளாக்குவது இத்தகைய இதழொன்றுக்கு இழுக்கென எண்ணுவோரும் இருக்கலாம். ஆயினும், மெய்யியல் வகுப்பிற் பல வாரங்களாக எனக்கு விளங்காதிருந்த ஒரு வாதம் இவ்விளையாட்டின் வழியாகவே விளங்கிற்று. அதனை மறைத்து, நூல்களின் வழியாகவே விளங்கியதாகக் காட்டிக்கொள்வது நேர்மையாகாது.

சிட் மெயரின் பெயரோடு 1991இல் முதன்முதலாக வெளிவந்த 'சிவிலைசேசன்' என்னும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2010இல் வெளியாயிற்று. இதில் ஆட்டக்காரர் ஒரு நாகரிகத்தின் தலைமையை ஏற்று, கி.மு. 4000ஆம் ஆண்டிலே தமது முதல் நகரை நிறுவி, படிப்படியாக அதனைப் பேரரசாக வளர்க்க முயல்வார். ஏனைய நாகரிகங்களின் தலைவர்களாகக் காந்தி, அலெக்சாந்தர், சீயத்து மன்னர் ராம்கம்ஹெங் முதலியோர் திரையிலே தோன்றுவர். அவர்களை இயக்குவது கணினியே. ஆட்டம் சுற்றுச் சுற்றாக நகரும். தொடக்கச் சுற்றுக்களிற் கையிலே வரும் பொன்னுக்கும் பிற்பகுதியில் வரும் பொன்னுக்கும் இடையே, விதைநெல்லுக்கும் களஞ்சிய நெல்லுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முதல் ஐம்பது சுற்றுக்குள் ஒரு குடியேற்றக் கூட்டத்தை விலைக்கு வாங்கி இரண்டாவது நகரை எழுப்பியவரை, நூறாவது சுற்றிற் செல்வந்தராகியவர் எளிதில் எட்டிப் பிடித்தல் இயலாது. எனவே, வரி வருவாய் சொற்பமாக இருக்கும் அக்காலத்தில் அயல் மன்னரிடமிருந்து பொன் பெறுவதே தேர்ந்த ஆட்டக்காரரின் முதற் கவலை.

இதற்கு நேர்மையான வழியும் உண்டு. பட்டு, தந்தம், முத்து போன்ற ஆடம்பரப் பொருள்களுள் ஒவ்வொரு வகையும் ஒருமுறை மட்டுமே குடிகளின் மகிழ்ச்சியைக் கூட்டும். அதே வகையில் இரண்டாவதாகக் கிடைப்பதால் ஆட்டக்காரருக்குப் பயனில்லை. அப்பொருள் இல்லாத அயல் மன்னருக்கோ அது பெரும்பயன். ஆகவே மிகையானதை முப்பது சுற்றுக்களுக்கு விற்கலாம். வாங்குபவரின் மனப்பாங்கைப் பொறுத்து, தவணையாயின் சுற்றுக்கு 7 அல்லது 8 பொன், முற்பணமாயின் ஏறக்குறைய 240 பொன் என்பது ஆட்டக்காரர் யாவரும் அறிந்த கணக்கு. 2012இல் வந்த விரிவுப் பதிப்பின் பின்னர், தமது தலைநகரிலே தூதரகம் அமைக்கும் உரிமையைக்கூட விற்று மேலுஞ் சிறிது பொன் பெற முடிந்தது. இவற்றிலே குறைகாண ஒன்றுமில்லை. இருவரும் நயமடையும் வணிகம் இது.

குறைகாண வேண்டியது அடுத்த படியிலேயே உள்ளது. ஒரு மன்னர்மீது போர் தொடுத்த கணத்தில் அவரோடு செய்த வணிக உடன்படிக்கைகள் யாவும் அற்றுப்போகும் என்பது ஆட்டத்தின் விதி. ஆனால் ஏற்கெனவே கைமாறிய முற்பணம் திரும்பிச் செல்லாது. இந்த இடைவெளியைக் கண்டவர்கள் செய்தது யாதெனின், அயல் மன்னரிடம் உள்ள பொன்னையெல்லாம் முற்பணமாகப் பெற்று, அதற்கு ஈடாக முப்பது சுற்றுக்குப் பட்டுத் தருவதாகவோ சுற்றுக்குச் சுற்றுப் பொன் செலுத்துவதாகவோ வாக்களித்து, மறு சுற்றிலேயே அவர்மீது போர்ப்பிரகடனம் செய்வதாகும். அவருடைய பொன்னைக் கொண்டே வில்லாளரை வாங்கி அவருடைய நகரையே முற்றுகையிடுதலும் உண்டு. யானும் இதனைச் செய்திருக்கிறேன், ஒரு முறையன்று. அலெக்சாந்தரின் முற்பணத்தால் அலெக்சாந்தரின் நகரொன்றைக் கைப்பற்றிய இரவில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைக்கும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அக்கூச்சத்துக்கு நியாயம் உண்டா என்பதுதான் கேள்வி.

நியாயம் இல்லை என்போரின் வாதம் வலிமையானது. திரையில் உள்ள அலெக்சாந்தர் ஏமாற்றமடைவதில்லை. அவருக்குப் பசியுமில்லை, மானமுமில்லை. சதுரங்கத்திலே எதிரியின் அரசியை வெட்டுபவரைக் கொலைகாரர் என எவரும் அழைப்பதில்லை. விதி அனுமதித்ததைச் செய்தவர் விதியை மீறியவருமல்லர். இதற்கு விடையாக, பொய் வாக்கை விளையாட்டிற் பழகுபவர் வாழ்விலும் பொய்யராவார் எனச் சிலர் கூறுவதுண்டு. விலங்குகளிடம் கொடுமை செய்பவரின் மனம் மனிதரிடமும் கடினப்படும் எனக் கான்ற் கூறியதை இதற்குத் துணையாகவும் கொள்ளலாம். எனக்கு இந்த விடை திருப்தி தரவில்லை. என் நண்பருட் பலர் இவ்வழியிற் பொன் சேர்த்தவர்களே. தேநீர்க் கடைக் கணக்கை மாத முடிவிலே தவறாது தீர்ப்பவர்களும் அவர்களே.

ஹொப்ஸிடமிருந்தும் ஒரு விடையை எதிர்பார்க்கலாம். 1651இல் வெளிவந்த 'லெவயதன்' நூலிலே அவர் ஒரு மூடனைப் பேசவைக்கிறார். நயம் கிடைக்குமாயின் உடன்படிக்கையை மீறுவதே அறிவுடைமை என்பது அம்மூடனின் கூற்று. அத்தகையவனை அறிந்த எவரும் தம் கூட்டத்திற் சேர்த்துக்கொள்ளார், அறியாமையாற் சேர்ப்பாராயின் அவ்வறியாமையை நம்பி வாழ்வது அறிவுடைமையாகாது என்பது ஹொப்ஸின் மறுமொழி. விளையாட்டிலோ இம்மறுமொழி செல்லாது. போர் தொடுத்தவர்மீது பிற மன்னரின் வெறுப்பு வளரும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டம் முடிந்து புதிய ஆட்டம் தொடங்கியதும் அலெக்சாந்தர் யாவற்றையும் மறந்து மீண்டும் முற்பணத்தோடு வந்து நிற்பார். ஞாபகமற்ற உலகிலே மூடனே வெல்கிறான்.

இந்நிலையிலேதான் கான்றின் 1785ஆம் ஆண்டு நூலான 'ஒழுக்கத்தின் மெய்யியலுக்கான அடிப்படை'யை நோக்க வேண்டியுள்ளது. அதில் அவர் தரும் எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று, பணமுடையால் வருந்தும் ஒருவன் திருப்பித்தர முடியாதென அறிந்துகொண்டே, திருப்பித் தருவேன் என வாக்களித்துக் கடன் பெறுவதாகும். இது கடனாளிக்கு நயந் தருமா என்பதைக் கான்ற் கேட்கவில்லை. கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு துன்பம் விளையும் என்பதையும் இங்கு அவர் முதன்மையாகக் கருதவில்லை. அவர் கேட்பது வேறு: முடையுற்ற ஒவ்வொருவரும் இவ்வாறு செய்வதே விதி என்றாகுமாயின் என்னவாகும்? அப்போது வாக்கு என்பதே இல்லாது போகும். வாக்களிப்பவரை எவரும் நம்பார். அது வெற்றொலியெனச் சிரித்துவிடுவர். எனவே பொய்வாக்குக் கொடுப்பவன், எல்லோரும் தன்னைப்போல் நடவாதிருத்தலை நம்பியே தன் காரியத்தைச் சாதிக்கிறான்.

வகுப்பிலே இதனைக் கேட்டபோது, இஃதொரு கற்பனைக் கணக்கு என்றே எண்ணினேன். உலகிலே எல்லோரும் ஒரே நாளிற் பொய்வாக்குக் கொடுக்கத் தொடங்குதல் எங்கே நிகழப்போகிறது? ஆயின் இவ்விளையாட்டில் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. முற்பணத்தை விழுங்கிப் போர் தொடுக்கும் முறை ஆட்டக்காரரிடையே பரவிப் பொதுவறிவாயிற்று. 2013இல் அடுத்த விரிவுப் பதிப்பு வெளிவந்தபோது, நட்புப் பிரகடனம் செய்துகொண்ட மன்னரோடன்றி வேறெவரோடும் முற்பணம் கைமாறும் வணிகம் இயலாது என்னும் விதி அதில் இருந்தது. மற்றையோரிடம் சுற்றுக்குச் சுற்றுத் தவணையே பெறலாம். கொடுப்பதும் பெறுவதும் ஒவ்வொரு சுற்றிலும் உடனுக்குடன் தீர்ந்துவிடும். சுருங்கக் கூறின், அந்நியரின் வாக்கு என்பது அவ்வுலகிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. கான்றின் மனப்பரிசோதனையை ஒரு நிகழ்ச்சித்திட்டத்திலே நடத்திக் காட்டியது போலல்லவா இது இருக்கிறது?

மெய்யியல் விரிவுரையாளர்கள் இவ்விடத்திற் குறுக்கிடுவர் என அறிவேன். கான்ற் கூறுவது விளைவுகள் பற்றிய எதிர்வுகூறலன்று, சிந்தனையில் எழும் முரண்பாடு பற்றியது என்பர். அன்றியும், நம்பிக்கை இழந்தவர் அலெக்சாந்தர் அல்லர், விதியை வகுத்த மனிதரே என்றுங் கூறுவர். இரண்டும் சரியே. எனினும் என் கருத்து இவற்றாற் பழுதுபடவில்லை. 240 பொன் என்பது எதற்கான விலை? கையிலே தரப்பட்ட பட்டுக்கன்று. இன்னும் தரப்படாத முப்பது சுற்றுப் பட்டுக்கான விலை. அவ்விலையைக் கணித்தவர்கள், வாங்கியவர் பெரும்பாலும் சொன்னபடி நடப்பார் என்ற எடுகோளிலேயே கணித்தனர். ஆகவே ஏமாற்றுபவர் விற்றது பட்டையன்று, பிற ஆட்டக்காரரின் நேர்மையையே. அந்நேர்மையை உண்டாக்கியவர் அவரல்லர். தாம் உண்டாக்காத, தம்மிடம் இல்லாத ஒரு பொருளுக்கு விலை பெற்றார் என்பதே இம்முறையின் உட்பொருள்.

அதன் இழப்பு யாரைச் சேர்ந்தது என்பதும் கவனிக்கற்பாலது. 2013இன் பின்னர், முப்பது சுற்றும் ஒழுங்காகப் பட்டு அனுப்ப எண்ணியிருந்த ஆட்டக்காரரும் அந்நியரிடம் முற்பணம் கேட்க முடியாதவரானார். குடியேற்றக் கூட்டத்தை வாங்குதற்கு அவரும் தவணை தவணையாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏமாற்றியவரோ அதற்குள் வேறு வழி கண்டிருப்பார். திரையில் உள்ள மன்னருக்குத் தீங்கில்லை என வாதிட்டோமே, அவ்வாதம் தவறன்று. அது தவறான ஆளை நோக்கிற்று. தீங்கு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட இருவருக்கும் அப்பாலுள்ள மூன்றாமவருக்கே நிகழ்ந்தது.

விளையாட்டில் இத்தீங்கு அற்பமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயின் மெய்யான அரசர்கள் இவ்வாறே செய்தபோது மூன்றாமவருக்கு நிகழ்ந்தது அற்பமானதன்று. 1575 செப்டெம்பரிலே இசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு தமக்குக் கடன் கொடுத்தோருக்கான கொடுப்பனவுகளை நிறுத்தினார். அது முதல் முறையுமன்று. 1557இலும் அவ்வாறு செய்தார், பின்னர் 1596இலும் செய்தார். 1575இற் பாதிக்கப்பட்டோருள் முதன்மையானவர் ஜெனோவா நகர வங்கியாளர். நெதர்லாந்துக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படைக்குப் பணம் போய்ச்சேரும் வழியும் அவர்கள் கையிலேயே இருந்தது. அவ்வழி அடைபட்டது. ஏற்கெனவே நெடுநாட் சம்பள நிலுவையோடிருந்த படையினர் கலகஞ் செய்து, 1576 நவம்பரிலே அன்ற்வேர்ப் என்னும் செல்வ நகரினுட் புகுந்து கொள்ளையிட்டனர். வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1577 டிசெம்பரிலே மன்னரும் வங்கியாளரும் இணக்கத்துக்கு வந்தனர். அதன் பின்னர் கடன் கொடுத்தலும் வாங்குதலும் மீண்டும் நடந்தன. அன்ற்வேர்ப் மக்கள் எந்தப் பத்திரத்திலும் கைச்சாத்திட்டவர்களல்லர்.

சிவிலைசேசன் விளையாட்டிலே அன்ற்வேர்ப் இல்லை. அதாவது, அரசர் வாக்குத் தவறுவதன் விலையை அரசரல்லாதோர் செலுத்தும் காட்சி அதில் இல்லை. போரும் வணிகமும் விஞ்ஞானமும் அத்துணை நுணுக்கமாக அமைந்த ஒரு விளையாட்டில், இராசதந்திரம் மட்டும் இரு தலைவர் முகத்துக்கு முகம் நோக்கிப் பேரம் பேசுதலாகச் சுருங்கிவிடுகிறது. அதன் பெருங்குறையாக எனக்குத் தோன்றுவது இதுவே. வாக்குத் தவறுதலை அது அனுமதித்தமை எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

இனி, எதிரே இருப்பது கணினியன்று, மனிதர் என்றால் என்னவாகும்? அலன் கல்ஹாமர் என்னும் அமெரிக்கர் 1959இல் வெளியிட்ட 'டிப்ளோமசி' என்னும் பலகை விளையாட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1901ஆம் ஆண்டின் ஐரோப்பாவிலே ஏழு வல்லரசுகளாக ஏழு பேர் அமர்ந்து, தனித்தனியே மறைவாகக் கூடிப் பேசி, பின்னர் தம் கட்டளைகளை எழுதிக் கொடுப்பர். பேச்சில் அளித்த எந்த வாக்கும் எவரையும் கட்டுப்படுத்தாது என்பது அதன் வெளிப்படையான விதி. அங்கே நண்பரின் முதுகிற் குத்துபவர் குற்றவாளியல்லர். அங்கு வாக்கு என்பது வாக்கன்று, சீட்டாட்டத்திற் பொய்த் தைரியங் காட்டுதல் போன்றதோர் ஆட்டவசைவே என்பதை எழுவரும் முன்னமே அறிந்துள்ளனர். அறிந்தவரை வஞ்சித்தல் வஞ்சனையாகாது.

ஒல்லாந்த வரலாற்றறிஞர் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில், கள்ளமாக ஆடுபவனையும் ஆட்டத்தையே குலைப்பவனையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். நம்மூர்ச் சிறுவர் அளாப்புதல் என்று கூறுவது முன்னையது. அளாப்புபவன் ஆட்டத்தை மதிப்பவன் போலாவது நடிக்கிறான். குலைப்பவனோ ஆட்டம் என்னும் உலகையே உடைத்துவிடுகிறான். அதனாலேதான் முன்னவனிலும் பின்னவனையே சமூகம் கடுமையாக வெறுக்கிறது என்பது அவர் கருத்து. முற்பணத்தை விழுங்குபவரை இவ்விரு வகையுள் எதிலே சேர்ப்பது? அவர் விதியை மீறவில்லை, ஆகவே அளாப்பவில்லை. ஆட்டத்திலிருந்து எழுந்து செல்லவுமில்லை. யான் கருதுவது யாதெனின், அவர் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் நிற்கிறார். பொன் பெறும்போது உள்ளே நின்று மன்னராகப் பேசுகிறார். கொடுக்க வேண்டியபோது வெளியே நின்று, இது வெறும் விளையாட்டுத்தானே என்கிறார்.

இதனை எனக்கு உணர்த்தியவர் விடுதி நண்பர் ஒருவர். முற்பணத்தடை இல்லாத பழைய வடிவத்தை நாங்கள் சிலர் இரவுகளிற் சேர்ந்து ஆடுவதுண்டு. ஓராட்டத்தில் அவர் நகரங்கள் எனக்குக் கிழக்கே இருந்தன. சாம்பிராணி தருவதாகக் கூறி அவரிடம் இருந்த பொன் முழுவதையும் முற்பணமாகப் பெற்று, இரண்டு சுற்றுக் கழித்து அவர்மீது படையெடுத்தேன். கணினி மன்னர்களிடம் எத்தனையோ முறை செய்த அதே செயல். சுட்டியின் அசைவுகள்கூட அவையே. நண்பர் சினக்கவில்லை. அன்றைய ஆட்டத்தைத் தோல்வியோடு முடித்தார். மறுநாட் காலை, முன்னிரவு நிகழ்ந்தது விளையாட்டுத்தானே என யான் சமாதானங் கூறியபோது அவர் சொன்னது இதுதான்: "நான் குடுத்தது உன்ர ராசாவுக்கில்லை மச்சான், உனக்கு."

இவ்வொரு வாக்கியம் எனக்குப் பல நாட் சிந்தனையைத் தந்தது. டிப்ளோமசி ஆட்டமாயின் அவர் அவ்வாறு கூறியிருக்க முடியாது. அங்கே ஒவ்வொருவரும் அரசோடு அரசாகவே பேசுவதென முன்னமே ஒப்பியுள்ளனர். எங்கள் ஆட்டத்திலோ அத்தகைய ஒப்புதல் இருக்கவில்லை. முற்பணங் கேட்ட வேளையில் யான் திரையிலே பொத்தானை அழுத்தியதோடு நிற்கவில்லை. அவருடைய கதிரைப் பக்கந் திரும்பி, பயப்பட வேண்டாம் எனவும் கூறினேன். அச்சொல் ஆட்டத்தின் உள்ளேயிருந்து வந்ததன்று. எங்கள் இரண்டாண்டு நட்பிலிருந்து எடுத்து ஆட்டத்தினுட் செலவிட்ட நாணயம் அது. அலெக்சாந்தரிடம் யான் விற்றது முகமறியாத ஆட்டக்காரரின் நேர்மையை என முன்னர்க் கூறினேன். நண்பரிடம் விற்றதோ என்னுடைய நேர்மையையே. அது மட்டும் உண்மையிலேயே என்னிடம் இருந்த பொருள். எனவே கணினியிடமும் நண்பரிடமும் செய்தவை ஒரே செயலல்ல என்றே முடிவு செய்கிறேன். எதிரே இருந்தவருக்கு உணர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. ஆட்டத்துக்கு வெளியேயுள்ள ஒன்றை ஈடுவைத்து ஆட்டத்தினுட் கடன் பெற்றோமா என்பதே இங்கு வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

இத்தகைய ஏமாற்றங்களுக்குப் பரிகாரம் விதிகளை இறுக்குவதுதான் எனச் சிலர் கூறலாம். 2016இல் வந்த ஆறாம் பதிப்பிலே நட்புப் பிரகடனம் செய்த இருவர் அதன் காலம் முடியும்வரை ஒருவர்மீதொருவர் போர் தொடுக்கவே முடியாது. அதற்கான வழியைத் திரை தராது. ஐந்தாம் பதிப்பிலோ நண்பர்மீதும் போர் தொடுக்கலாம். தொடுத்தவரின் துரோகத்தைப் பிற மன்னர் யாவரும் அறிந்து அவரை வெறுப்பர், அவ்வளவே. ஆட்டமாக நோக்குமிடத்து எது சிறந்தது என்பதில் நண்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு ஐந்தாம் பதிப்பின் நட்பே நட்பாகத் தோன்றுகிறது. மீற முடியாத வாக்கை ஒருவர் காத்தார் எனப் பாராட்டுதல், பூட்டிய வீட்டினுள் இருந்தவரை ஊர் சுற்றாதவர் எனப் பாராட்டுதல் போன்றதாகும். ஆயின் இவ்வாறு கூறும்போது, நம்பிக்கையைக் காக்கக்கூடிய உலகத்தை விரும்புபவர் அதனைக் குலைக்கக்கூடிய உலகத்தையும் சேர்த்தே விரும்ப வேண்டியுள்ளது என்பதையும், அவ்வுலகத்தில் என்போன்றோரும் இருப்பர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அண்மையிலே அந்நண்பரும் யானும் மீண்டும் ஓராட்டம் ஆடினோம். இம்முறை அவரிடம் முத்து இல்லை. என்னிடம் இரண்டு இருந்தன. மிகையான முத்தை விற்பதாகக் கூறினேன். முற்பணத்தை யான் கேட்கவில்லை, அவரும் அதனைப் பற்றிப் பேசவில்லை. சிறிது நேரம் திரையைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, சுற்றுக்கு 7 பொன் என எழுதி அனுப்பினார்.